அட்டமியில் வைத்த கையொப்பங்கள்

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் சென்ற வருடம் ஒரு சிறப்பு மலர் வெளியிட்டது. வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் அப்பா, மூன்றாம் பக்கத்தில் நான். என் படத்தின் கீழே 'தந்தை வழியில் வாரி வழங்கும் தலைவி' என்று போட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்டினார்கள். நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. தலைவி என்பதற்கு முன்னால் 'எங்கள்' என்று சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று யோசனை வேறு சொன்னேன். இப்படியும் ஒரு பிறவி!

அந்த மலரில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எழுதினால் வெட்கம் குறையும் என்று நினைத்துத் தொடங்கவில்லை. எத்தனையோ மேடையில் நல்லவளாக உட்கார்ந்தாயிற்று, ஒரு தடவையாவது உள்ளதைச் சொல்லலாம் என்றுதான்.

அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் மொத்தக் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் நாலு பேரோடு தங்கியிருந்தவர். பின்னேரங்களில் பக்கத்து மைதானத்தில் போய் நின்று பந்து பார்ப்பாராம். கையில் கொஞ்சம் காசு புரளத் தொடங்கியதும் அங்கே விளையாடிய கழகத்துக்கு ஜேர்சி வாங்கிக் கொடுத்தார். பிறகு பந்து, பிறகு பயிற்சியாளருக்குச் சம்பளம், கடைசியில் கழகமே அவர் தலையில் வந்து விழுந்தது. அவரும் சந்தோஷமாகச் சுமந்தார். நாங்கள் வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கையில் வீடு வாங்கிப் போனோம். கழகம் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தது. பத்து வயதுவரை என்னை அந்த மைதானத்துக்குக் கூட்டிப் போனதில்லை. "அங்க சனம் ஒரு மாதிரி," என்பார் அம்மா. என்ன மாதிரி என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமலே அதை நம்பி வளர்ந்தேன்.

அப்பாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அட்டமி, நவமியில் எதிலும் கையொப்பம் வைக்கமாட்டார். ராகு காலத்தில் பேனையைத் தொடவும் மாட்டார். கடையிலும் கழக அலுவலகத்திலும் அவர் மேசைக்கு நேரே நாட்காட்டி தொங்கும். புறக்கோட்டை முழுவதற்கும் அது தெரியும். நாள் சரியா என்று கேட்டுவிட்டுத்தான் பத்திரத்தை நீட்டுவார்கள். எனக்கு அதிலெல்லாம் துளி நம்பிக்கையும் இல்லை. லண்டனில் படித்துவிட்டு வந்த மிதப்பில் அப்பாவை நக்கலடித்திருக்கிறேன். "அப்பா, அட்டமியில மூச்சு விடலாமோ?" என்று கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

அவர் போனபின் கடையும் கழகமும் ஒரே பிள்ளையான என்னிடம் வந்தன. கழகத்தின் செயலாளர் ஒரு முஸ்லிம் பெரியவர், அப்பாவோடு முப்பது வருடம் இருந்தவர். நான் அவரை நானா என்பேன். பொறுப்பேற்ற கிழமையே அவருடைய மேசை லாச்சியைத் துப்புரவாக்குகிறேன் என்று நின்றேன். உள்ளே ஒரு கடிதக் கட்டு இருந்தது. ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் ஒவ்வொன்று. இவரை விடுவிப்பதில் கழகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று தட்டச்சு செய்து, கீழே அப்பாவின் கையொப்பம். திகதி மட்டும் போடவில்லை. ஒரு கழகத்தில் பதிந்த வீரர் இன்னொரு கழகத்துக்குப் போக வேண்டுமானால் இந்த விடுவிப்புக் கடிதம் இல்லாமல் நகர முடியாது.

"நானா, இதென்ன விளையாட்டு? நாளைக்கு டீம் முழுக்க எழும்பிப் போனால் என்ன செய்யிறது?"

"அப்பிடி ஒருத்தரும் போகல்ல மகள். இது பழைய வழக்கம். ஒங்கட வாப்பா மவுத்தாகிட்டார், இனி இந்தக் கடிதம் செல்லாது. புதுசா நீங்க சைன் வெச்சித் தாங்க."

"தேவைப்படேக்க பாப்பம். இதுகளைக் கிழிச்சுப் போடுங்கோ."

அவர் தயங்கினார். நானே வாங்கிக் கிழித்தேன். வியாபாரம் தெரிந்தவள் என்று அன்றைக்கு எனக்கு என்ன பெருமை!

அதே வருடம் அப்பாவின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினேன். பாடசாலைப் பைகள், மூக்குக் கண்ணாடிகள், சத்திர சிகிச்சைகள். எங்கள் கோல் கீப்பருக்குத் தோள் எலும்பு விலகியபோது பொரளையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சேர்த்து முழுச் செலவையும் ஏற்றேன். அவர் பதினேழு வயதில் அப்பாவிடம் வந்து சேர்ந்தவர். மலையகத்திலிருந்து வந்து மட்டக்குளியில் தங்கிவிட்ட குடும்பம். என்னைவிட மூன்று வயது குறைவு, அக்கா என்று கூப்பிடுவார். கூச்ச சுபாவம். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி, "நன்றிங்க அக்கா," என்பார். சத்திர சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் சொல்லும் அதுதான். நான் அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக் காட்டினேன். அந்தத் தோள் என் தோள் என்று எனக்குள் எப்போது பதிந்தது என்று தெரியவில்லை. ஆனால் பதிந்துவிட்டது.

அடுத்த பருவத்தில் ஒரு புதன்கிழமை காலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு லெட்டர் வேணும். கவர்மெண்ட் டீம் ஒண்ணு என்னைய கேக்குறாங்க. வெளையாட எடுத்தா வேலையும் குடுத்துருவாங்க. பெர்மனன்ட் அக்கா, பென்ஷனோட."

"எப்பக்கிடையில வேணும்?"

"வெள்ளிக்கெழம பகல் பன்னெண்டோட பதிவு முடியுது. அடுத்த வருஷம்னா எனக்கு வயசு கூடிரும், எடுக்க மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இன்னும் மூன்று கிழமையில் வெற்றிக்கிண்ணப் போட்டி. அப்பாவின் முதலாவது ஆட்டைத் திவசமும் அந்த மாதத்திலேயே வந்தது. கிண்ணத்தை வாங்கி அவர் படத்துக்கு முன்னால் வைக்கிறதாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். இவர் இல்லாமல் கிண்ணமாவது மண்ணாங்கட்டியாவது. அதைவிட, உள்ளே இன்னொன்று கொதித்தது. இவ்வளவு செய்திருக்கிறேன், தோள் சுகமானதும் பறக்கப் பார்க்கிறாரே! எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஆனால் அன்றைக்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அவர் தன் நியாயத்தைச் சொல்லியிருப்பார். நான் தலையைத் தூக்கி அப்பாவின் நாட்காட்டியைப் பார்த்தேன்.

"இண்டைக்கு அட்டமியெல்லே தம்பி. நாளைக்கு நவமி. அப்பா இந்த நாளில ஒப்பம் வைக்கமாட்டார் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. வெள்ளிக்கிழமை காலமை வாங்கோ."

"சரிங்க அக்கா. முதலாளி அப்படித்தான்," என்று எழுந்தார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. அப்பாவின் நம்பிக்கையை அவர் மதித்தார். அதை வைத்தே அவரை ஏமாற்றினேன்.

அன்று பின்னேரம் மட்டக்குளியில் ஒரு மண்டபத்தில் எங்கள் அறக்கட்டளை பிள்ளைகளுக்குக் கொப்பிகள் கொடுத்தது. இப்படியான நாட்களில் எங்கள் வீரர்கள்தான் பெட்டி தூக்குவது, கதிரை அடுக்குவது எல்லாம். அவர்களுக்கு அது வேலை என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கென்று ஒரு பாணி வைத்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று எழுதி, கையொப்பம் வைத்து, திகதி போட்டுக் கொடுப்பேன். மற்றவர்கள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், நான் கையால் எழுதுகிறேனாம். பத்திரிகையில் அதைப் பற்றி இரண்டு வரி வந்ததிலிருந்து அந்தப் பழக்கம் கூடிவிட்டது.

என் இடப்பக்கம் நின்று கொப்பிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பிடித்தவர் அந்தக் கோல் கீப்பர்தான். அவர் விரிப்பார், நான் எழுதுவேன், அவர் மூடிப் பிள்ளையிடம் கொடுப்பார். முப்பது நாற்பது கொப்பி இப்படிப் போனது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி வந்து நின்றாள். "எம் மக அக்கா, நாலாம் வகுப்பு," என்றார். நான் சிரித்துக்கொண்டே அன்புடன் என்று எழுதினேன், கையொப்பம் வைத்தேன், திகதிக்குப் பேனையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது.

 அட்டமியில் ஒப்பம் வைக்கமாட்டேன் என்று சொன்ன அதே நாளில், அதே ஆள் விரித்துப் பிடிக்க வரிசையாக ஒப்பம் வைத்துக்கொண்டிருக்கிறேன்! அவர் பக்கம் திரும்பத் துணிவில்லை. திகதி போடாமல் கொப்பியைத் தள்ளினேன். திகதி இல்லாவிட்டால் சாட்சி இல்லை என்று நினைத்தேனோ என்னவோ.

சிறுமி நகரவில்லை. "மிஸ், தேதி போடல. எல்லாருக்கும் போட்டீங்களே."

"போதும்மா, வா," என்றார் அவர் மெதுவாக.

"இல்லப்பா, எனக்கும் வேணும்."

அவர் கொப்பியைத் திரும்ப விரித்து என் முன்னால் பிடித்தார். நான் திகதி போட்டேன். அவர் மகளின் தலையைத் தடவி அனுப்பிவிட்டு அடுத்த கொப்பியை விரித்தார். வரிசை முடியும்வரை அவர் விரித்தார், நான் எழுதினேன். அவர் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த இடத்திலேயே நான் பேனையை எடுத்து அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பிழை பிடிபட்ட பிறகு அதைத் திருத்துவதைவிட அதிலேயே விடாப்பிடியாக நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் எட்டரைக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டாராம். நான் வெள்ளவத்தையிலிருந்து சாவகாசமாகப் புறப்பட்டேன். காலி வீதியில் நெரிசல், அது எந்த நாளும் உள்ளதுதான். பத்தே முக்காலுக்கு உள்ளே நுழைந்தேன். நானா கடிதத்தைத் தட்டச்சு செய்து என் மேசையில் வைத்திருந்தார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

"ராகு காலம் தொடங்கிட்டுது நானா. பன்னிரண்டுக்கு முடியும். முடிஞ்ச கையோட வைக்கிறன்."

"மகள், பன்னெண்டுக்கு அங்க கவுண்டர் மூடுற," என்றார் நானா.

"கொஞ்சம் பிந்தினா ஒண்டும் சொல்லமாட்டினம்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். தேத்தண்ணி குடித்தேன். போனில் படங்கள் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நிற்பது தெரிந்தது. வெளுத்துக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்கள். சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு நிலத்தைப் பார்ப்பார். நேரத்தை மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் ஒப்பம் வைத்தேன். நானா தன் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு பறந்தார். அரை மணித்தியாலத்தில் தனியாகத் திரும்பி வந்தார்.

"கவுண்டர்காரன் சிங்களத்துல 'இவரய் மல்லி'ன்டு சொல்லிட்டான், அவ்வளவுதான். முடிஞ்சிட்டாம். கதவப் பூட்டிக்கிட்டே சொல்ற." ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் முன்னால் நின்றார். "ஒங்களுக்கு ஒண்டு சொல்லவா மகள்? ஒங்கட வாப்பா எதுக்கு அந்தக் கடிதமெல்லாம் முன்கூட்டியே சைன் வெச்சித் தந்த தெரியுமா? புள்ளையள் எண்டைக்கி வந்து கேப்பாங்கன்டு தெரியாது, அண்டைக்கி அட்டமியா இருந்தா என்ட கை எழும்பாது, அவன்ட வாழ்க்க போயிடும்ண்டு சொல்லுவார். அதுக்காகத்தான் ஒவ்வொரு சீசனும் நல்ல நாள் பார்த்து எல்லாத்துக்கும் வெச்சித் தார."

 அப்பா நாட்காட்டியை நம்பினார், அதனாலேயே அது ஒருவரையும் தடுத்துவிடக் கூடாது என்று வழி செய்து வைத்திருந்தார். நான் அதை நம்பவில்லை, ஆனால் ஓர் ஆளின் கழுத்தில் சுருக்காகப் போடுவதற்கு அதை எடுத்தேன். சீ, எவ்வளவு கேவலமான புத்தி!

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மூன்று கிழமை கழித்து நாங்கள் கிண்ணத்தை வென்றோம். இறுதிப் போட்டியில் இரண்டு பெனால்டியைத் தடுத்தவர் அவர்தான். வேண்டுமென்றே கோட்டை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்துப் பாராட்டு விழா வைத்தேன். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு ரைஸ் குக்கர் பரிசளித்தேன். நிரந்தர வேலையைப் பறித்துக்கொண்டு ரைஸ் குக்கர்! அதையும் இரண்டு கையாலும் வாங்கி, "நன்றிங்க அக்கா," என்றார். நான் மைக்கில், எங்கள் வீரர்கள் எனக்குச் சகோதரர்கள் என்றேன். கைதட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்தார்.

இன்னும் இரண்டு பருவம் விளையாடிவிட்டு அவர் நின்றுகொண்டார். கொன்டெய்னர் முற்றம் ஒன்றில் நாட்சம்பளத்துக்குப் போகிறார் என்று நானா சொன்னார். எங்கள் கடையிலேயே வேலை தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தது. மரியாதையான பதில்தான். எனக்கு அன்றைக்கும் ஆத்திரம் வந்தது. மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை, கொடுக்க வேலைதான் இருந்தது. அதைக்கூட வாங்கமாட்டேன் என்கிறாரே என்று.

பிறகு ஒரு பெண்கள் அணியைத் தொடங்கினேன். குற்ற உணர்ச்சியால் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் அணி என்றால் பத்திரிகைக்காரர் கூடுதலாக வருவார்கள். அதில் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற விதத்தைப் பார்த்ததும் யாருடைய மகள் என்று கேட்கத் தேவைப்படவில்லை. நான் அவளோடு அதிகம் கதைக்கமாட்டேன். சப்பாத்து கிழிந்தால் புதியது வாங்கச் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவேன்.

இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பது மணி தாண்டிய கையோடு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நின்றார். எட்டு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. அதே மாதிரி வெள்ளைச் சட்டை, அதே மாதிரி பிளாஸ்டிக் உறை. எழுந்து போய் நானே கதவைத் திறந்தேன்.

"மகளுக்கு ஒரு லெட்டர் வேணும் அக்கா. கவர்மெண்ட் டீம் பொம்பளப் புள்ளைகளுக்கும் எடம் குடுக்குறாங்க. வேலையோட. ஆளு சேக்குறது இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கு."

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"நாள் பாத்துட்டுத்தான் வந்தேன். இண்ணைக்கி தசமி. ராகு காலம் ஒம்பதோட முடிஞ்சிருச்சி."

கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. மகளுக்காக நாட்காட்டி பார்த்து, நேரம் கணக்கிட்டு, மாத முடிவுக்கு இரண்டு கிழமை முன்னால் வந்து நிற்கிறார். நான் சொல்லக்கூடிய சாட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு வந்திருக்கிறார். 

"தம்பி, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அட்டமியெல்லாம் சாட்டு. உங்களை விட எனக்கு மனம் வரேல்ல."

"தெரியும் அக்கா," என்றார். "கொப்பிய நாந்தானே விரிச்சிப் புடிச்சிக்கிட்டு நிண்டேன்."

அவ்வளவுதான்.  இந்த எட்டு வருடமும் மன்னிப்புக் கேட்பதற்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்கள் ஒன்றுக்கும் உதவவில்லை.

நானாவைக் கூப்பிட்டு, கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். அவர் லாச்சியை இழுத்து ஒரு கட்டிலிருந்து ஒன்றை உருவினார். அந்தப் பிள்ளையின் பெயரில் தயாராக இருந்தது. எல்லா வீரர்களின் பெயரிலும் இருந்தது, ஒப்பம் மட்டும் இல்லை. "ஒவ்வொரு சீசனும் அடிச்சி வெக்கிறதான்," என்றார் நானா. "நீங்க ஒருநாளும் கேக்கல்ல மகள்."

நின்றபடியே ஒப்பம் வைத்து, தாளைத் தகப்பனிடம் நீட்டினேன். அவர் வாங்காமல் குனிந்து பார்த்தார்.

"தேதியும் போட்டுருங்க அக்கா. அது இல்லாட்டி எடுக்க மாட்டாங்க."

போட்டேன். அவர் மை காயும்வரை காத்திருந்தார். பிறகு கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நானாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். வாசலில் திரும்புவார் என்று நின்று பார்த்தேன். அவர் எனக்கு நன்றி சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.